மூக்குப்பேணியில் தெரியும் பிழை: விண்வெளித் தொலைநோக்கிகளின் ஆடிகளைச் செய்வது எப்படி?

எங்கள் வீட்டுக் குளியலறைக்குத் தரை போட்ட அன்று மேசன் ஒரு நீளமான தெளிந்த குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தார். குழாயின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும் என்பதுதான் அதன் சூத்திரம். அதை வைத்துச் சுவரில் கோடு போட்டு, கோட்டிலிருந்து இறக்கம் அளந்து, சீமெந்து பூசினார். வெகு துப்புரவான வேலை, ஒரு வெடிப்பு இல்லை. தரை காய்ந்த பிறகு அம்மம்மா ஒரு செம்பு தண்ணீரைக் கொண்டுவந்து நடுவில் ஊற்றினார். தண்ணீர் வாய்க்கால் ஓட்டையைத் திரும்பியும் பார்க்காமல் கதவடிக்கு ஓடியது. "குழாய் மட்டம் பிழைக்காதம்மா, நீங்கள் ஊத்தின விதம்தான் சரியில்லை" என்றார் மேசன். பிறகு குழாயைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு காற்றுக்குமிழி.

அந்தக் குமிழியை மறந்துவிடாதீர்கள். கொஞ்சத் தூரம் போனதும் அதைத் திரும்பச் சந்திப்போம்.

ரியூசன் வகுப்பில் வருடம் ஒரு பிள்ளையாவது கேட்கும்: "சேர், ஹபிள் எத்தனை மடங்கு பெரிசாக்கிக் காட்டும்?" ஹபிள் என்பது விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கி. தொலைநோக்கியின் முதல் வேலை பெரிதாக்குவது என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. முதல் வேலை ஒளியைச் சேர்ப்பது. கார்த்திகை மழைக்கு முற்றத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையையும் பக்கத்தில் ஒரு பெரிய தாச்சியையும் வையுங்கள். இரண்டிலும் விழுவது ஒரே மழைதான், ஆனால் வாய் அகன்றதில் அதிகம் சேரும். இருட்டில் நன்றாக விரிந்த எங்கள் கண்மணியின் அகலம் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். ஹபிளின் பிரதான ஆடி 2.4 மீற்றர். பரப்பைக் கணக்குப் பார்த்தால் அது கண்ணைவிட ஒரு இலட்சம் மடங்குக்கு மேல் ஒளியைப் பிடிக்கிறது. அதற்குப் பின்னால் வந்த விண்வெளித் தொலைநோக்கி, 6.5 மீற்றர் அகலமான ஜேம்ஸ் வெப், ஆறு இலட்சம் மடங்கையும் தாண்டுகிறது. அதற்குமேல் பல மணி நேரம் கண்ணைச் சிமிட்டாமல் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவும் அவற்றால் முடியும்.

அகலமான ஆடிக்கு இரண்டாவது பயனும் உண்டு. இரவில் பண்ணைப் பாலத்தின் தொங்கலில் வரும் வாகனத்தைப் பாருங்கள். தூரத்தில் ஒற்றை வெளிச்சம், கிட்ட வரவர அது இரண்டு விளக்காகப் பிரியும். நல்ல கண்ணுக்கு இந்தப் பிரிவு தெரியக்கூடிய ஆகக்கூடிய தூரம் ஐந்து கிலோமீற்றர் அளவில். ஒளி ஓர் அலை என்பதால், அது ஒரு வாசலுக்குள்ளால் நுழையும்போது கொஞ்சம் பரவும். வாசல் எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு பரவும். ஹபிளின் வாசல் அகலமானது, பரவல் குறைவு. அந்த இரண்டு விளக்கையும் ஆறாயிரம் கிலோமீற்றர் தள்ளி வைத்தாலும் அதனால் பிரித்துக் காண முடியும், இடையில் காற்று இல்லாவிட்டால்.

காற்று இருப்பதுதான் தொல்லை. சித்திரை வெயிலில் ஏ-9 வீதியின் தாருக்கு மேல் எல்லாம் நெளிந்து தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். நட்சத்திரம் மினுங்குவதும் அதே நெளிவுதான். வளிமண்டலம் ஊதாவுக்கு அப்பாலுள்ள கதிர்களிலும் அகச்சிவப்பிலும் பெரும்பகுதியைக் கீழே விடுவதுமில்லை. ஆகவே மேலே போகிறார்கள். இதில் அதிகம் விளங்கப்படுத்த ஒன்றுமில்லை.

ஆடியா, வில்லையா? பெரிய தொலைநோக்கி என்றால் ஆடிதான். வில்லைக்குள்ளால் ஒளி போகவேண்டும், ஆகவே கண்ணாடி முழுக்கக் குற்றமில்லாமல் இருக்கவேண்டும். நிறத்துக்கு நிறம் ஒளி வேறு வேறு அளவில் முறியும். அதோடு வில்லையை விளிம்பில் மட்டுந்தான் பிடிக்கலாம், பெரிதானால் தன் பாரத்திலேயே வளையும். அமெரிக்காவின் யேர்க்ஸ் வானாய்வகத்தில் 1897 இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரு மீற்றர் அளவான வில்லைக்குப் பிறகு வானியலார் அந்தப் பாதையைக் கைவிட்டுவிட்டார்கள். ஆடிக்கு முன்பக்கத் தோல் மட்டும் சரியாக இருந்தால் போதும். முதுகை எத்தனை இடத்திலும் தாங்கலாம், குடைந்து பாரத்தைக் குறைக்கலாம்.

சரி, அந்தத் தோலுக்கு என்ன வடிவம் வேண்டும்? இதற்குப் பரிசோதனைச்சாலை தேவையில்லை. வீட்டில் பழைய மூக்குப்பேணி இருந்தால் எடுத்துப் புளியோ சாம்பலோ போட்டு மினுக்குங்கள். எவர்சில்வர் பேணியும் சரிதான். காலை வெயில் ஒரு பக்கச் சாய்வாக உள்ளே விழும்படி பிடித்தால், அடியில் ஒரு பளிச்சென்ற வளைகோடு தெரியும். இரண்டு வில் ஒரு கூரில் சந்திப்பதுபோல இருக்கும். அதை அழகு என்று விட்டுவிடாமல் கொஞ்சம் யோசியுங்கள். பேணியின் சுவர் ஒரு வட்டம். வெயில் சமாந்தரமாக வருகிறது. வட்டத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளி ஒரு புள்ளியில் கூடியிருந்தால் அங்கே ஒரு பொட்டுத்தான் தெரியவேண்டும். கோடு தெரிகிறது. அப்படியென்றால் விளிம்பில் பட்ட கதிர் ஓரிடத்திலும் நடுவில் பட்ட கதிர் வேறோரிடத்திலும் கூடுகின்றன. பாடப்புத்தகத்தில் குழிவாடிக்குக் கதிர்ப்படம் கீறும்போது எல்லாக் கதிரும் குவியத்தில் சந்திப்பதாகக் கீறுகிறோமே, அது சின்னப் பொய். ஆடி ஒடுக்கமாக இருக்கும்வரை பொய் தெரியாது.

எல்லாக் கதிரும் உண்மையாகவே ஒரு புள்ளியில் கூடவேண்டுமானால் ஆடி பரவளைவாக இருக்கவேண்டும். விளிம்பை நோக்கிப் போகப்போக அதன் வளைவு கோளத்தைவிடக் கொஞ்சம் குறையும். எவ்வளவு கொஞ்சம் என்பதில்தான் வேடிக்கை. ஹபிள் ஆடியின் நடு வளைவை அப்படியே ஒரு கோளமாக நீட்டி, அதற்கும் சரியான வடிவத்துக்கும் விளிம்பில் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டால் ஐந்தில் ஒரு மில்லிமீற்றர் வருகிறது. கொப்பித் தாள் இரண்டின் கனம். அந்த இரண்டு தாள் கனத்துக்காகத்தான் அத்தனை கோடி டொலர். (நுணுக்கமாகச் சொன்னால் ஹபிளின் பிரதான ஆடியும், அதற்கு முன்னால் நிற்கும் சிறிய ஆடியும் அதிபரவளைவுகள். பரவளைவு நடுப்புள்ளிக்கு மட்டும் நல்லது, பக்கத்தில் உள்ள நட்சத்திரங்களுக்கு வால் முளைக்கும். இரண்டு ஆடியும் பிழையைப் பங்குபோட்டால் வால் மறையும். வெப் இன்னொரு படி போய் வளைந்த ஆடிகள் மூன்றை வைத்துக்கொள்கிறது.)

இனித் தேய்ப்பு. இரண்டு கண்ணாடி வட்டுகளுக்கிடையில் கடினமான தூளும் தண்ணீரும் போட்டு, எல்லாத் திசையிலும் மாறிமாறித் தேய்த்தால் மேல் வட்டு குழியும், கீழ் வட்டு குவியும். அம்மியும் குழவியும் காலப்போக்கில் ஒன்றுக்கொன்று பொருந்திப்போவதுபோலத்தான். எப்படித் திருப்பினாலும் வழுக்கினாலும் ஒன்றோடொன்று பொருந்தும் வளைவு கோளம் மட்டுமே என்பதால், கோளம் தானாகவே வந்துவிடும். இயற்கை இலவசமாகத் தருவது அவ்வளவுதான். அதற்குப் பிறகு வேண்டிய இடத்தில் மட்டும் தேய்க்கவேண்டும். பெரிய ஆடிகளில் இதைக் கணினி நடத்துகிறது: சிறிய மெருகுத் தட்டு ஒன்று ஆடிமேல் நகர்ந்து, மேடான இடத்தில் அதிக நேரம் நின்று, பள்ளமான இடத்தை விரைவாகக் கடக்கும். பிறகு கழுவி, அளந்து, திரும்பவும் தேய்ப்பார்கள். அளவுக்கு மிஞ்சித் தேய்த்துவிட்டால் அந்த இடத்தில் திரும்பக் கண்ணாடியை ஒட்ட முடியாது. மற்ற இடம் முழுவதையும் அந்தப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்கவேண்டியதுதான். தலைமயிர் வெட்டுகிறவருக்கு இந்தச் சங்கடம் தெரியும்.

எவ்வளவு நுட்பமாக? ஹபிளின் ஆடியை, அதன் இரண்டு விளிம்பும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருக்கும்படி 300 கிலோமீற்றருக்கு விரித்ததாக நினையுங்கள். வன்னிக் காடு, அனுராதபுரம், புத்தளம் எல்லாம் அதற்குள் அடங்கும். அந்த முழுப் பரப்பிலும் இருக்கும் மேடுபள்ளம் ஒரு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. உண்மை அளவில் அது 10 நானோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரை இலட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. ஒளியின் ஓர் அலைநீளத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இதைவிடக் கரடாக இருந்தால் ஆடியின் ஒரு பகுதியில் இருந்து வரும் அலை மற்றப் பகுதியில் இருந்து வருவதோடு ஒத்துப்போகாமல் படம் மங்கும்.

இங்கேதான் எனக்கு இந்த விடயத்தில் ஆகப் பிடித்த கேள்வி வருகிறது. தேய்ப்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். 10 நானோமீற்றர் என்று எந்த அடிமட்டத்தை வைத்து அளந்தார்கள்? என் மனதில் ஆடிக்கலையின் பெரும்பங்கு இந்த அளப்புத்தான். தேய்ப்பு அதற்குப் பின்னால் வரும்.

ஒளியைத்தான் அடிமட்டமாக எடுக்கிறார்கள். மழை விட்டதும் பெற்றோல் செட்டுக்கு முன்னால் தேங்கிய தண்ணீரில் எண்ணெய் மிதந்து வானவில் நிறம் காட்டும். எண்ணெய்ப் படலத்தின் மேற்பரப்பில் தெறித்த அலையும் அடியில் தெறித்த அலையும் சேரும்போது, முகடும் முகடும் சந்தித்தால் பிரகாசம், முகடும் பள்ளமும் சந்தித்தால் இருட்டு. படலத்தின் கனம் இம்மியளவு மாறினாலும் நிறம் மாறும். இதே சங்கதியை லேசர் ஒளியில் செய்து, ஆடியில் பட்டு வந்த அலையை ஒரு நம்பகமான அலையோடு சேர்த்தால் வெளிச்சமும் இருட்டுமாகக் கோடுகள் விழும். கோடு நெளியும் இடத்தில் ஆடியில் மேடோ பள்ளமோ உண்டு. நெளிவு எவ்வளவு என்று பார்த்து அலைநீளத்தின் நூறில் ஒரு பங்குவரை வாசிக்கலாம்.

ஒரு சிக்கல் மட்டும். ஆடியோ கோளத்திலிருந்து வேண்டுமென்றே விலகியது. சாதாரணமாகச் சோதித்தால் சரியான ஆடிகூடக் கோணல்மாணலான கோடுகளைக் காட்டும். அதனால் இடையில் ஒரு கருவியை வைத்து, அந்த எதிர்பார்த்த விலகலை முன்கூட்டியே ஒளியலையிலிருந்து கழித்துவிடுவார்கள். பிறகு கோடுகள் நேராக விழுந்தால் ஆடி சரி, வளைந்தால் பிழை. பார்ப்பவருக்கு வெகு சுகம். ஆனால் இப்போது ஆடியின் வடிவத்தைத் தீர்மானிப்பது அந்தச் சின்னக் கருவிதான். அது என்ன சொல்கிறதோ அந்த வடிவத்துக்கு ஆடி வந்து சேரும்.

ஹபிளின் ஆடியைத் தேய்த்தது அமெரிக்காவின் பேர்க்கின் எல்மர் நிறுவனம். வேலை 1981 இல் முடிந்தது. அவர்கள் கட்டிய சோதனைக் கருவியில் இரண்டு சிறிய ஆடிகளும் ஒரு வில்லையும் இருந்தன. வில்லை நிற்கவேண்டிய தூரத்தை ஓர் உலோகக் கோலின் நுனியில் ஒளியைத் தெறிக்கவிட்டு அளந்தார்கள். கோலின் தலையில் சிறு துளையுள்ள ஒரு மூடி. ஒளி துளைக்குள்ளால் போய்க் கோலில் படவேண்டும், மூடியில் பட்டால் தெறிக்கக்கூடாது என்று அதற்குக் கறுப்புப் பூச்சு. பூச்சில் ஓரிடம் உரிந்திருந்தது. ஒளி கோலில் படாமல் மூடியில் பட்டுத் திரும்பியது. வில்லை 1.3 மில்லிமீற்றர் விலகிய இடத்தில் போய் நின்றது. அந்த இடத்துக்கு வில்லையைக் கொண்டுவரத் திருகு போதாமல், இடையில் வொஷர் வைத்துப் பூட்டினார்கள் என்பதை வாசித்தபோது எனக்கு எங்கள் மேசன்தான் நினைவுக்கு வந்தார்.

பிறகு ஆடியை அந்தக் கருவி சொன்னபடியே தேய்த்தார்கள், மிக அற்புதமாக. விளிம்பு வேண்டியதைவிட ஏறத்தாழ 2.2 மைக்ரோமீற்றர் தட்டையாகிப் போனது. முன்னே சொன்ன யாழ்ப்பாணம் - கொழும்பு அளவில் ஒரு மில்லிமீற்றர் சொச்சத்துக்கு மேல் மேடுபள்ளம் இல்லாமல் மெருகிட்ட ஆடியின் விளிம்பு, ஓரடிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கி நிற்கிறது.

செம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தவர்களும் அங்கே இருந்தார்கள். வில்லைகளால் செய்த வேறொரு சோதனைக் கருவி கோடுகளை வளைத்துக் காட்டியது. சோதனைக் கருவியையே சோதிக்கும் இன்னொரு கருவியும் பிழை சொன்னது. "அவை அவ்வளவு நுட்பமில்லாத கருவிகள், பிழை அவற்றில்தான்" என்று தள்ளிவிட்டார்கள். நுட்பமில்லாத கருவிக்கு நானோமீற்றரில் பிழை தெரியாது, உண்மை. ஆனால் பெரிய பிழை தெரியும். அம்மம்மாவின் செம்பும் அப்படித்தான்.

1990 ஏப்ரலில் ஹபிள் ஏறியது. முதற்படங்களில் நட்சத்திரங்களைச் சுற்றி மங்கலான வட்டம்: விளிம்புக் கதிர் ஓரிடம், நடுக்கதிர் ஓரிடம், அதாவது மூக்குப்பேணி. கையோடு செய்த விசாரணையில் அந்தச் சோதனைக் கருவி பிரிக்கப்படாமல் அப்படியே இருந்ததால் 1.3 மில்லிமீற்றரை அளந்தே கண்டுபிடித்தார்கள். அதிர்ஷ்டம் என்னவென்றால் பிழை சீரானது, ஒரே மாதிரியானது, எண்ணில் எழுதக்கூடியது. அப்படிப்பட்ட பிழையை அதே அளவு எதிர்ப்பிழையால் அடிக்கலாம். நாணயம் அளவான சிறு ஆடிகளை அந்த எதிர்ப்பிழையோடு செய்து, 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். புதிதாக வைத்த கமெராவுக்குள் அந்தத் திருத்தம் ஏற்கெனவே இருந்தது. கிட்டப்பார்வைக்கு மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி. இதில் மனதைக் குடையும் சங்கதி, கொடாக் நிறுவனம் ஒரு மாற்று ஆடியையும் செய்திருந்தது. அது இப்போது வொஷிங்டனில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வெப் தொலைநோக்கியைக் கட்டியவர்களுக்கு இந்தக் கதை மனப்பாடம். ஆனால் அவர்களுடைய சிக்கல் வேறு. முதலாவது, 6.5 மீற்றர் ஆடியை ஐந்தரை மீற்றருக்குட்பட்ட ரொக்கட் மூக்குக்குள் வைக்க முடியாது. ஆகவே 18 அறுகோணத் துண்டுகள். அறுகோணங்களைத் தேன்கூட்டைப்போல இடைவெளி விடாமல் அடுக்கலாம், மொத்த உருவமும் வட்டத்துக்குக் கிட்ட வரும். இரண்டு பக்கத்திலும் மும்மூன்று துண்டுகளை யன்னல் கதவுபோல மடித்து அனுப்பினார்கள்.

இரண்டாவது, குளிர். வெப் பார்ப்பது அகச்சிவப்பை. சூடான எந்தப் பொருளும் அகச்சிவப்பில் ஒளிரும், தொலைநோக்கி உட்பட. பட்டப்பகலில் நட்சத்திரம் தேடுவதுபோல ஆகிவிடாமல் இருக்க, ஐந்து அடுக்கு வெயில்மறைப்புக்குப் பின்னால் ஆடியைப் பூச்சியத்துக்குக் கீழே 230 பாகை செல்சியஸ் அளவில் வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் அதிகம் நெளியாத, பாரமில்லாத, வளையாத பொருள் வேண்டும். பெரிலியம் என்ற உலோகத்தை எடுத்தார்கள். ஒவ்வொரு துண்டும் 250 கிலோ கட்டியாகத் தொடங்கி, முதுகைக் குடைந்து குடைந்து 21 கிலோவுக்கு வந்தது. ஒரு சீமெந்து மூட்டையின் பாதிகூட இல்லை.

அப்படியும் குளிரில் கொஞ்சம் நெளியும். இதற்கு அவர்கள் செய்த வேலையை எந்தத் தையற்காரரும் மெச்சுவார். பள்ளிக்கூடச் சீருடைத் துணி கழுவினால் சுருங்கும் என்று தெரிந்தே பெரிதாக வெட்டுவார்களே, அதுதான். ஆடியைக் குளிர் அறையில் வைத்து, எங்கே எவ்வளவு நெளிகிறது என்று அளந்து, திரும்ப வெளியே எடுத்து, அந்த நெளிவுக்கு எதிரான நெளிவை அறை வெப்பநிலையில் வேண்டுமென்றே தேய்த்து வைத்தார்கள். தரையில் அது கோணல் ஆடி. மேலே போய்க் குளிர்ந்த பிறகுதான் சரியான ஆடி.

பூச்சுக்குப் பொன். ஹபிளுக்கு அலுமினியம், ஏனென்றால் அது ஊதாவுக்கு அப்பாலும் பார்க்கவேண்டும். பொன் நீலத்தை விழுங்கிவிடும், ஆனால் அகச்சிவப்பை ஏறத்தாழ முழுவதும் தெறிக்கவிடும். கனம் 100 நானோமீற்றர். 18 துண்டுக்கும் சேர்த்து மொத்தம் 48 கிராம், அதாவது ஆறு பவுண். யாழ்ப்பாணக் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் விசாரித்துப் பாருங்கள், எங்கள் ஊர்த் தாலிக்கொடி பலவும் இதைவிடப் பாரம்.

2017 இல் முழு ஆடித்தொகுதியையும் ஹியூஸ்டனில் ஒரு பிரம்மாண்டமான குளிர்க்கூடத்துக்குள் வைத்து ஏறத்தாழ மூன்று மாதம் சோதித்தார்கள். இடையில் ஹார்வி சூறாவளி வந்து நகரமே வெள்ளத்தில் மிதந்தது, சோதனை நிற்கவில்லை. ஹபிளுக்கு இப்படி முழுத் தொலைநோக்கியையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஒளிச்சோதனை நடக்கவே இல்லை.

2021 நத்தார் தினத்தில் ஏவி, ஆடியை விரித்த பிறகு, பெப்ரவரியில் ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தார்கள். 18 நட்சத்திரம் தெரிந்தது. பதறவேண்டியதில்லை, 18 துண்டும் 18 தனி ஆடியாக நடந்துகொள்கின்றன என்று அர்த்தம். ஒவ்வொரு துண்டின் முதுகிலும் ஏழு சிறு தள்ளிகள் உண்டு: ஆறு அதை நகர்த்தவும் சாய்க்கவும், ஒன்று நடுவில் இழுத்து வளைவை மாற்றவும். பத்து நானோமீற்றர் அளவான அடிகளில் நகர்த்தி நகர்த்திப் பதினெட்டையும் ஒன்றாக்கினார்கள். இங்கே அளவுகோல் அந்த நட்சத்திரமேதான். 2022 மே மாதம் ஒரு துண்டில் எதிர்பார்த்ததைவிடப் பெரிய விண்தூசி வந்து மோதியபோதும், அந்தத் துண்டைச் சற்று நகர்த்திப் பாதிப்பின் ஒரு பங்கை அடக்க முடிந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் போன வருடம் இரண்டு பொடியன்கள் ஆறு அங்குலக் கண்ணாடி வட்டு ஒன்றைத் தேய்க்கத் தொடங்கினார்கள். அவர்களிடம் லேசருமில்லை, குளிர்க்கூடமுமில்லை. 19 ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லெயோன் ஃபூக்கோ கண்டுபிடித்த முறை இருக்கிறது. ஊசித்துளை போட்ட தகரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு, ஆடியில் தெறித்து வரும் ஒளி கூடுமிடத்தில் ஒரு சவர பிளேட். பிளேட்டை மெல்ல ஒளிக்குக் குறுக்கே தள்ளிக்கொண்டு ஆடியைப் பார்த்தால், மேடும் பள்ளமும் நிலவின் மலைகளைப்போல நிழல் விழுத்தும். அலைநீளத்தின் சிறு பங்கான பிழைகூடத் தெரியும். நம்பாவிட்டால் பெருவிரலை ஆடியில் ஒரு நிமிடம் அழுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள். விரற்சூட்டில் கண்ணாடி வீங்கி, அந்த இடத்தில் ஒரு குன்று எழும்பி நிற்கும். கொஞ்ச நேரத்தில் ஆறித் தானாகவே அடங்கும். அதுவரைக்கும் அளக்கக்கூடாது என்று பொடியன்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.